பதினொரு பேருக்கு ஒரு பூசை

அயர்லாந்திலிருந்து கடலூருக்கு லீவில் வருகிறவள் சாக்லேட் கொண்டுவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். நானும் இரண்டு கிலோ கொண்டுவந்தேன். மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் குழம்பாகிவிட்டது. உருகாமல் வந்து சேர்ந்தது கைப்பையில் இருந்த ஒரு தாள் மட்டும்தான். அதில் பதினொரு ஆண்களின் பெயர்கள் இருந்தன. அவர்கள் செத்து இருநூற்றைம்பது வருஷம் ஆகிறது.

என் தம்பி அருளுக்கு இதை விளக்க அரை நாள் ஆயிற்று. உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் அங்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்து நர்ஸ். போன புதிதில், நாலு மணிக்கே இருட்டிப்போன ஒரு நாள், நூலக மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்து, ஹீட்டர் இருக்கும் என்ற ஒரே ஆசையில் படியேறினேன். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர்ப் பால் பண்ணைக்கு நூறு வயது ஆனதைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பாலத்துக்கு ஐம்பது. அதற்கடுத்த வாரம், நின்றுபோன ரயிலுக்கு நாற்பது. எதற்காவது ஆண்டு நிறைவு வந்துவிட்டால் அவர்களுக்குக் கை பரபரக்கும். ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு டீ. நம் ஊரில் பொன்னாடை போர்த்தி முடிக்கிற நேரத்துக்குள் அவர்கள் கூட்டமே முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மௌரீன். எழுபது வயது, ஓயாத வாய். முதல் குளிர்காலத்தில் எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். கிறிஸ்துமஸ் அன்று நானும் கணவரும் மகளும் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முழு வாத்து ஒன்றை வறுத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றவர். அவரிடம் ஒரு நாள் என் ஊர் கடலூர் என்று வாயை விட்டேன். அன்றோடு போயிற்று என் நிம்மதி.

அந்தக் காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்குச் சொந்த ஊரில் தலையெடுக்க வழியில்லை. பையன்கள் கப்பலேறி பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கென்றே அங்கே ஒரு ரெஜிமென்ட் இருந்தது. 1758 ஜூனில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இங்கிலீஷ்காரர்களின் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுப் படையில் அவர்களும் இருந்தார்கள். அந்த முற்றுகையில் மௌரீனின் ஊர்ப் பையன்கள் பதினொரு பேர் செத்தார்கள் என்று சங்கத்தார் பிரெஞ்சுக் காகிதங்களைக் குடைந்து கண்டுபிடித்திருந்தார்கள். அதில் பாட்ரிக், ஜேம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவர் மௌரீனின் வம்சம்.

“ஜூன் இரண்டாம் தேதி கூட்டம் வைத்திருக்கிறோம். நீ அப்போது அங்கே இருப்பாய்,” என்றார் மௌரீன். “அவர்களுக்குக் கல்லறை கிடையாது ஸ்டெல்லா. அந்த மண்ணில் யாரும் ஒரு தடவைகூட அவர்கள் பெயரைச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டு எனக்கு போன் பண்ணு. கூட்டத்தில் அதை மட்டும் நான் சொல்ல வேண்டும்.” சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஓயாத வாய் உடைவதை அன்றுதான் பார்த்தேன். பதினொரு பெயரைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா, இதில் என்ன சிரமம் என்று தலையாட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொன்னது, வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. அருள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிட்டர். காலை ஷிப்ட் போய்விட்டான். மஞ்சக்குப்பத்தில் ஆட்டோ பிடித்து, கோட்டைக்குப் போக வேண்டும் என்றேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். சில்வர் பீச்சில் தின்ற சுண்டலுக்குக் கணக்கில்லை. கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அதை ஆட்டோக்காரரிடம் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

“கோட்டைதானே, ஒக்காருக்கா,” என்றார் அவர்.

பத்து நிமிஷத்தில் கோட்டை வாசலில் இறக்கிவிட்டார். கொத்தளம் இருந்தது, பீரங்கி இருந்தது, இரண்டு பக்கமும் யானை இருந்தது. எல்லாம் தெர்மாகோல். கோட்டை என்று பெயர் வைத்த கல்யாண மண்டபம். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்து, “பொண்ணு வூடா, மாப்ள வூடா?” என்று கேட்டாள். “கோட்டை...” என்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் அவள் காதில் கோவிலூர் என்று விழுந்திருக்க வேண்டும். “அப்ப திருக்கோவிலூர்க்காரங்க. மொத பந்தியிலயே ஒக்காருங்க, பஸ்சுல வந்தது பசிக்கும்,” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்துவிட்டாள்.

அயர்லாந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் இரண்டு மாதத்துக்கு முன்னால் வருகிறேன் என்று எழுத வேண்டும். மாட்டுக்கறியா மீனா என்று அதிலேயே குறித்தனுப்ப வேண்டும். நாற்காலியில் நம் பெயர் ஒட்டியிருக்கும். இங்கே யாரென்றே தெரியாதவளுக்கு இரண்டாம் முறை பொங்கல் வைத்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்கள். கேசரி மிக நன்றாக இருந்தது. பெயர்கள் படிக்கப்படாமல் கைப்பையில் இருந்தன.

வெளியே வந்தால் ஆட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். “இந்தக் கோட்டை இல்லீங்க, பழைய கோட்டை,” என்றேன். “இதவிடப் பழசா? இது வந்தே ரெண்டு வருஷம் ஆவுதே,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அருளுக்கு லீவு. அதனால் சனிக்கிழமையைச் சிதம்பரத்துக்கு ஒதுக்கினேன். அங்கேயும் மௌரீனுக்கு ஒரு வேலை இருந்தது. அயர்லாந்தில் பிறந்து, இங்கிலீஷ்காரர்கள் பக்கம் நின்று சண்டை போட்ட ஒரு தளபதி, பின்னாளில் சிதம்பரம் கோயில் மதிலைத் தாக்கி, முடியாமல் திரும்பியிருக்கிறார். அந்த மதிலை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். தங்கள் ஊர்க்காரர் தோற்ற இடத்தையும் போட்டோ எடுத்து மாட்டுகிறவர்கள் அவர்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜன்னல் சீட்டு அதற்குத்தான். அதன் சொந்தக்காரர் சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர், பாதி சீட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். ஸ்டெப்னி டயரிலும் காற்று இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பலாப்பழக்காரர் பெருமூச்சு விட்டார், பழத்தைப் பார்த்தார், “கத்தி யாருகிட்டயாவது இருக்கா?” என்றார்.

டிரைவருக்கும் நாலு சுளை போயிற்று. பஸ் கிளம்பியபோது பலாப்பழக்காரர் மடியில் ஒரு பை நிறையக் கொட்டை மட்டும் இருந்தது. “சம்பந்தி வூட்டுல என்னா சொல்வீங்க?” என்று கேட்டேன். “கொட்டையக் குடுத்தா கொழம்பு வெச்சிக்குவாங்க. பழத்தக் குடுத்தா ஒரு நாளு, கொழம்புன்னா ரெண்டு நாளு,” என்றார். அயர்லாந்தில் பஸ் நின்றுபோனால் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். வயிறு நிறையாது.

சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, மதிலைப் படம் பிடிக்கப் போனேன். கோபுரத்துக்கு வெளியே பூக்கடை வைத்திருந்த பெண் நான் சுவரையே வளைத்து வளைத்து எடுப்பதைப் பார்த்துவிட்டு, “சாமி உள்ள இருக்காரும்மா,” என்றாள். இந்த இடத்தில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் படை வந்து குண்டு போட்டது என்று சொன்னேன்.

“யாரு ஜெயிச்சா?”

“உள்ள இருந்தவங்க.”

“அப்புறம் என்னா. நல்லா எடுத்துக்கோ,” என்று தன் பூக்கூடையைப் படத்துக்குள் வருமாறு நகர்த்தி வைத்தாள். தானும் தலையைச் சரி செய்துகொண்டாள். அந்தப் படம்தான் இன்றைக்கு அயர்லாந்தில் நூலக மாடியில் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அருள் பைக்கில் என்னைத் தேவனாம்பட்டினம் கூட்டிப்போனான். ஆறேழு பேரை விசாரித்து, ஒரு கொல்லைப்புறத்துக்குப் பின்னால் கோட்டையின் மிச்சம் என்று ஒருவர் காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆள் உயரச் செங்கல் சுவர். அதன் மேல் மீன் வலை காய்ந்துகொண்டிருந்தது. நிழலில் இரண்டு ஆடுகள் நின்றன. மௌரீனை நினைத்துக்கொண்டு, முந்தானையைச் சரி செய்து, தாளை விரித்து, “பாட்ரிக்,” என்று சத்தமாகப் படித்தேன். “ஜேம்ஸ்.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் உள்ளே திரும்பி, “லிஸ்ட் வந்துருக்கு,” என்றாள்.

அவ்வளவுதான். சுனாமி அலை வந்து போய் மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்றரை வருஷமாக, கைப்பையோடும் தாளோடும் வந்து நின்று யாராவது பெயர் படித்தால் அது வீட்டுக்கோ வலைக்கோ அடுப்புக்கோ என்று அந்த ஊருக்குத் தெரியும். நான் நாலாவது பெயருக்கு வருவதற்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். சிலர் ரேஷன் கார்டோடு வந்திருந்தார்கள்.

“ஜேம்ஸுன்னு இங்க யாருமே இல்லியே,” என்றார் ஒருவர்.

“வேற ஊரு ஆளுங்கள உள்ள நொழைச்சிட்டாங்க,” என்றார் இன்னொருவர்.

“இல்லீங்க, இவங்கல்லாம் செத்துட்டாங்க,” என்றேன் நான். வாய் என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே.

ஒரு அம்மா முன்னால் வந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டார். “செத்தவன் பேருக்கு வூடு குடுப்பீங்க, உசிரோட இருக்கிற எனக்கு இல்லன்னுவீங்களா?”

இது வீட்டு லிஸ்ட் இல்லை என்று அருள்தான் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தான். அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, பழகிப்போனவர்கள்போலக் கார்டுகளைச் சுருட்டிக்கொண்டு கலைந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேர் பெயர் எதிலும் வராமல் காத்திருக்கும்போது, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பெயர்களைக் கொண்டுவந்து படிக்கிறேனே என்று அவமானமாக இருந்தது. மீதி ஏழு பெயரைப் படிக்காமலே பைக்கில் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஜூன் இரண்டு. மௌரீனிடம் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன். அருள்தான் கெடிலம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினான். “அக்கா, செத்தவங்க பேர ஊரு கூடி சத்தமா படிக்கிற எடம் நமக்கு ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கி காலைல ஆறு மணி பூசைக்கி எழுதிக் குடுத்துடு,” என்றான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பாலத்தில் லாரி வந்ததால் கட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் கோயில் உபதேசியார், யார் யாருக்காகப் பூசை என்கிற கருத்துகளை எழுதுகிற நீள நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக அந்த மேசை, அந்தப் பேனா. யார் வீட்டில் யாருக்கு எத்தனையாவது நினைவு நாள் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார். நான் எழுதிக் கொடுத்த சீட்டை எட்டப் பிடித்தும் கிட்டத்தில் வைத்தும் படித்தார்.

“வூட்டுப் பேருல்லாம் வேணாம்மா. ஞானஸ்நானப் பேரு போதும். ஆண்டவருக்குத் தெரியும்.” பிறகு தானே எழுத ஆரம்பித்தார். “ஜேம்ஸுன்னா யாகப்பன். ஜான் அருளப்பன். பீட்டரு ராயப்பன். ஸ்டீபன் முடியப்பன். ஜோசப்பு சூசை. பாட்ரிக்கு... சரி, அது அப்புடியே இருக்கட்டும்.”

“இங்கிலீஷ்லயே படிச்சிடுங்களேன்,” என்றேன்.

“எனக்கு வாய்ல வராது. வராத பேரப் படிச்சா செத்தவங்களுக்கு மரியாதையா?” என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது. 250-ஆம் ஆண்டு என்று நான் எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு தடவை என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெளிநாடு போய் எழுத்து மறந்துவிட்டாள் பாவம் என்று அந்தப் பார்வையில் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுதி முடித்து நோட்டை மூடினார்.

திங்கள் காலை ஆறு மணி. பூசை தொடங்கும் முன் உபதேசியார் மைக்கைத் தட்டினார். “இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு. இறந்த பாட்ரிக், யாகப்பன், அருளப்பன், ராயப்பன், முடியப்பன், சூசை...” பதினொரு பெயரும் நிறுத்தி, நிதானமாக. “இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்பவர், சகோதரி ஸ்டெல்லா.” ஒரு பூஜ்யத்தைக் கைத்தவறுதல் என்று எடுத்துப் போட்டு எனக்கு உதவி செய்திருந்தார் அந்த மனிதர்.

நான் அதற்காகச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அழுதேன். ஒருவர்கூட அந்தப் பையன்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் கோயில் முழுக்க அவர்களுக்காக முழங்காலிட்டிருந்தது. என் அழுகையைக் கோயில் முழுக்கப் பார்த்தது. அங்கேதான் வினை.

வீட்டுக்கு வந்து பல் துலக்கிய டம்ளரைக்கூட எடுத்து வைக்கவில்லை, துக்கம் விசாரிக்க ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கையில் காபித் தூக்கு, இன்னொருவர் கையில் இட்லிப் பாத்திரம். தம்பி பெண்டாட்டி எதற்கு என்று தெரியாமலே பாய் விரித்தாள்.

“ஒரே குடும்பத்துல பதினோரு ஆம்பளைங்களா?”

“எம்பத்து மூணுலயா? பஸ்சா, படகா?”

“இத்தன வருஷம் வெளிய சொல்லாம நெஞ்சுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்துருக்கா பாரு.”

நான் கையெடுத்துக் கும்பிட்டு முழுக்கதையையும் சொன்னேன். இருபத்தைந்து இல்லை, இருநூற்றைம்பது. யாகப்பன் இல்லை, ஜேம்ஸ். அயர்லாந்து, பிரெஞ்சுப் படை, தேவனாம்பட்டினம் கோட்டை. அதில் இருவர் கூடப்பிறந்தவர்கள் என்பதையும் சொன்னேன். சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்த இட்லியை அவர்களே சாப்பிட ஆரம்பித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஓல்ட் டவுன் மார்க்கெட்டில் நண்டு விற்கிற அம்மா. கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வியாபாரத்துக்கு நேரமாகியும் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணந் தம்பின்னியே,” என்றார். “அவுங்க அம்மாவுக்கு யாரு போய்ச் சொன்னா?”

தெரியாது என்றேன்.

“எம் மூத்தவன் கப்பல் வேலைக்கிப் போனான். தவறிப் போயிட்டான்னு கம்பெனிக்காரன் மூணு மாசம் கழிச்சி தந்தி குடுத்தான். அந்த மூணு மாசமும் அவனுக்குன்னு ஊறுகா போட்டுக்கினு இருந்தேன் நானு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அதான் கேக்குறேன். யாராவது போய்ச் சொன்னாங்களா, இல்ல அவ பாட்டுக்குப் பாத்துக்கினே கெடந்தாளா?”

பாயில் இருந்தவர்கள் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை மறைக்கத் தோன்றவில்லை.

மத்தியானம் மௌரீனுக்கு போன் போட்டேன். அங்கே காலை. எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை மாற்றிப் படித்துவிட்டார்கள் என்பதைத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அதனால் என்ன,” என்றார் மௌரீன். “அம்மா கூப்பிட்டது ஷேமஸ். இங்கிலீஷ்காரன் ஜேம்ஸ் என்றான். பிரெஞ்சுக்காரன் ஜாக் என்று எழுதிவைத்தான். உங்கள் ஊர்க்காரர் ஒரு பெயர் வைக்கக் கூடாதா?”

பிறகு நண்டுக்காரம்மா கேட்டதைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ என்றேன்.

“எங்களிடம் இருக்கிற படைக் காகிதங்களில் அவர்கள் சட்டை அளவுகூட இருக்கிறது,” என்றார் மௌரீன் கடைசியில், மெதுவாக. “இதை நாங்கள் தேடவே இல்லை, ஸ்டெல்லா. ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்று பெயர்களைப் படித்ததும் இதைத்தான் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். கேட்டவர் பெயர் என்ன?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவரை நண்டுக்காரம்மா என்றே சொல்லிவந்திருக்கிறோம். போனை வைத்துவிட்டு ஓல்ட் டவுன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். கூடையில் நாலு நண்டு மிச்சம் இருந்தது.

“எம் பேரு எதுக்கு? நான் இன்னும் சாவலியே,” என்றார்.

இன்று சாயங்காலம் அந்த ஊரில் கூட்டம், நீங்கள் கேட்டதை அங்கே கேட்கப்போகிறார்கள், யார் கேட்டது என்று சொல்ல வேண்டுமாம் என்றேன். நண்டுகளை ஒரு ஓரமாக ஒதுக்கினார்.

“அந்தோணியம்மான்னு சொல்லு,” என்றார். “தெரிஞ்சவங்க யாராவது பதிலு சொன்னா, நீ லீவுல வர்ற வரைக்கும் வெச்சிருக்காத. அன்னிக்கே எனக்கு ஒரு போனு போட்டுடு.”